கட்டியக்காரனும் பிரெக்ட்டும் லொள்ளு சபாவும்

பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணி, சேவூர் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் விடிய விடிய தெருக்கூத்து. கூத்தில் ராஜா வேஷம் நேராக வந்து நடிக்க ஆரம்பித்துவிடாது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று, தன் வருகையைத் தானே வேறு யாரோ வருவதைப் போலப் பாடுவார். 'யாரய்யா நீ, எந்த ஊர், எதுக்கு வந்தே?' என்று கட்டியக்காரன் விசாரிப்பான். கதை நடந்துகொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து ராஜாவைக் கலாய்ப்பான், தூங்கி விழுகிறவர்களை எழுப்புவான், ரேஷன் கடை சமாச்சாரத்தைப் பற்றி ஒரு போடு போடுவான். பாரத காலத்தில் ஏது ரேஷன் கடை என்று யாரும் கேட்பதில்லை.

இதே மாதிரி வேலையை ஜெர்மனியில் ஒருவர் கொள்கையாகவே எழுதி வைத்தார். பெர்டோல்ட் பிரெக்ட் (1898-1956). அவருடைய நாடக முறைக்குத் தமிழில் 'காவிய அரங்கு' என்று பெயர். (காவியம் என்றதும் ராமாயண சைஸ் நாடகம் என்று நினைக்க வேண்டாம். கதையை நிஜம் போல நடத்திக் காட்டாமல், எடுத்துச் சொல்வது என்பதுதான் விஷயம்.) நாடகம் பார்க்கிறவன் கதையில் மூழ்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக்கூடாது. இது ஏன் இப்படி நடக்கிறது, வேறு மாதிரி நடந்திருக்கலாமே என்று யோசிக்க வேண்டும். அதற்காகத்தான் அறிவிப்பு அட்டைகள், நடுநடுவே பாட்டு, மறைக்காத விளக்குகள், அரைத்திரை எல்லாம். ஒத்திகையில் நடிகர்கள் தங்கள் வசனத்தைப் படர்க்கையில் சொல்லிப் பழகலாம் என்றும் எழுதினார். 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைப் பார்த்துவிட்டு, சீன நடிப்பில் உள்ள 'தூரப்படுத்தும்' தன்மையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பாவம், ஆரணிப் பக்கம் வரவில்லை.

அவர் வரவில்லை என்றாலும் அவர் நாடகம் வந்தது. செய்யாறு பக்கத்துப் புரிசையின் கூத்துக்காரர்கள், பிரெக்ட்டின் 'காகசிய வெண்கட்டி வட்டம்' நாடகத்தை 'வெள்ளை வட்டம்' என்று கூத்தாக ஆடியிருக்கிறார்கள். அந்த நாடகத்தில் கதையைப் பாடிச் சொல்லும் பாடகன் ஒருவன் உண்டு. கூத்துக்கு இது ஒன்றும் புதுசில்லை.

அதற்காகக் கூத்தை முழு பிரெக்ட் ஆக்கிவிடவும் முடியாது. கட்டியக்காரனுக்குச் சிரித்த அதே கூட்டம், திரௌபதி துகிலுரியும் இடத்தில் கண் கலங்கும், சிலருக்குச் சாமியே வந்துவிடும். தள்ளி நிற்பதும் மூழ்குவதும் ஒரே ராத்திரியில் நடக்கும்.

சரி, டிவிக்கு வருவோம். சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா'வில்தான் கட்டியக்காரன் மறுபடி தலைகாட்டினான். சந்தானம், சுவாமிநாதன், மனோகர், சேஷு என்று ஒரு கூட்டம். எல்லோரும் உருகி உருகிப் பார்த்த படங்களை எடுத்துக்கொண்டு, அழ வேண்டிய இடத்தில் சிரிக்க வைத்தார்கள். மனோகர் கையைக் காலை ஆட்டி வசனம் பேசும்போது அவர் பாத்திரமாக மாறிவிட்டார் என்று யாராவது நம்புவார்களா? நம்பக்கூடாது, அதுதான் வேடிக்கையே. ஹீரோ பஞ்ச் டயலாக் பேசினால் பக்கத்தில் இருப்பவன் 'யாருகிட்ட பேசுற?' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பான். அதைப் பார்த்த பிறகு ஒரிஜினல் படத்தைப் பழையபடி பார்க்க முடியாது. பிரெக்ட் கேட்டதில் பாதி இது.

மீதிப் பாதிதான் சிக்கல். சினிமா ஏன் இப்படி இருக்கிறது, இந்த ஹீரோ வழிபாட்டில் யாருக்கு லாபம் என்ற கேள்விவரை அந்தச் சிரிப்பு போகவில்லை. எப்படிப் போகும்? அதே சேனல்தான் அதே படங்களைப் போட்டு விளம்பரம் பிடிக்கிறது. காசு கொடுக்கிறவன் யார் என்று பார்த்தால் கேலியின் எல்லை எங்கே என்று தெரிந்துவிடும். இது டிவிக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. 1928இல் பெர்லினில் பிரெக்ட்டின் 'மூன்று காசு இசைநாடகம்' அரங்கேறியபோது, அதில் கிண்டலடிக்கப்பட்ட வசதியான கூட்டமே டிக்கெட் வாங்கி வந்து கைதட்டியது. பாட்டுகளும் ஹிட்.

சந்தானம் 2004இல் 'மன்மதன்' வழியாகச் சினிமாவுக்குப் போனார். 2016இல் அதே ராம்பாலா இயக்கிய 'தில்லுக்கு துட்டு'வில் அவர்தான் ஹீரோ.

கூத்துக்குக் காசு வேறு வழியில் வருகிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரே வசூலித்துக் கூத்து வைக்கும் இடங்கள் உண்டு. அங்கே கட்டியக்காரன் துரியோதனனை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்ப்பான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரை எதுவரை கலாய்க்கலாம் என்பதும் அவனுக்குத் தெரியும்.