உதடு ஒட்டாத கதை

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் அடங்கிய அந்தப் பழுப்பு நரி வாக்கியத்தைத் தட்டச்சு பழகியவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பானியர் 'இரோஹா' செய்யுளில் தங்கள் அசையெழுத்துகள் ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை வரவைத்தார்கள். கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதி 1079-ஆம் ஆண்டுக்குரியது. தமிழில் அப்படி ஒன்று ஏன் நிலைக்கவில்லை? 'எழுத்து 247 ஆயிற்றே' என்பது பாதிப் பதில்தான். ஙௌ போன்றவை நெடுங்கணக்கை நிரப்ப நிற்பவை. அவை வரும் சொல்லே கிடையாது. ஆத்திசூடியில் ஙகரத்தின் முறை வந்தபோது ஔவையாரும் அந்த எழுத்தின் வளைந்த உருவத்தையே உவமையாக்கிக்கொண்டு நகர்ந்தார். ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் என 31 போதுமென்றால் வாக்கியம் கட்டுவது பெரிய பாடல்ல. புலவர்களை இழுத்தது எதிர்த்திசை: எழுத்தைச் சேர்ப்பதைவிட விலக்குவது.

அதன் பழைய சான்று ஒன்று மாமல்லபுரக் கரையைத் தொடுகிறது. பல்லவர் காலத்துக் காஞ்சியில் வாழ்ந்த வடமொழிக் கவி தண்டி, கடலோரத்தில் பள்ளிகொண்ட திருமால் சிலையின் ஒடிந்த கையை லலிதாலயர் என்ற சிற்பி ஒட்டியிருந்த நேர்த்தியைக் காண நண்பர்களோடு மாமல்லபுரம் போனதை 'அவந்திசுந்தரி'யில் சொல்கிறார். அவருடைய 'தசகுமார சரித'த்தில் மந்திரகுப்தன், காதலி கடித்துப் புண்ணான உதட்டோடு தன் கதையைச் சொல்ல வருகிறான். உதட்டைச் சேர்த்தால் வலி. எனவே ப, ம முதலிய இதழெழுத்துகள் இல்லாமலே ஒரு முழு அத்தியாயம் ஓடுகிறது. அவன் வாயில் 'மாமல்லபுரம்' வராது, 'பல்லவர்' வராது. 'காஞ்சி' தாராளமாக வரும். இரு நூலும் ஒரே தண்டியுடையவையா என்று ஐயுற்றவர்கள் உண்டு. இரண்டும் ஒரே பெருங்கதையின் துண்டுகள் என்ற கருத்தே இன்று வலுவாக நிற்கிறது.

விலக்குவதில் ஏன் இந்த ருசி? நம் நெடுங்கணக்கு வாயின் வரைபடம். க, ங அடிநாக்கில் தொடங்கி, ச ஞ, ட ண, த ந என்று முன்னேறி, ப, ம-வில் உதட்டுக்கு வந்துவிடும். ஏ, பி, சி வரிசையில் இந்த ஒழுங்கு கிடையாது. வாக்கியத்தில் எல்லா எழுத்தும் வந்தனவா என்பதை ஏட்டை வைத்துக்கொண்டு எண்ணித்தான் பார்க்க வேண்டும். தட்டச்சு இயந்திரத்தின் விசைகளைச் சோதிப்பவருக்கு அது போதும். உதடு ஒட்டியதா என்பதோ சொல்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும். செவிக்காகப் பாடியவர்கள் இரண்டாவதைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

11-ஆம் நூற்றாண்டில் போஜராஜன் 'சரஸ்வதி கண்டாபரண'த்தில் வடமொழியின் 33 மெய்களையும் வரிசை குலையாமல் ஒரே சுலோகத்தில் காட்டவில்லையா என்று கேட்கலாம். காட்டினார். ஆனால் அதுவும் நெடுங்கணக்கின் வரிசையையே பிடித்துக்கொண்டு நடக்கிறது. ஒரு சுலோகத்தின் அளவில் முடிந்தும்விடுகிறது. விலக்கும் வித்தையோ தமிழில் நிரோட்டம், இதழகல் என்று பெயரும் பெற்று வளர்ந்தது. உ, ஊ, ஒ, ஓ, ஔ, வகரம் ஆகியவையும் அதில் விலக்கு. 17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் இறைவன்மேல் ஓர் அந்தாதி முழுவதையும் அப்படியே பாடினார். 'முருகன்' என்ற பெயருக்கே அங்கே இடமில்லை! செங்கல்பட்டும் திருக்கழுக்குன்றமும்கூட இந்தச் சோதனையில் தேறா. ஐயமிருப்பவர்கள் 31 எழுத்தும் வரும் வாக்கியம் ஒன்றையும் இதழகல் வெண்பா ஒன்றையும் எழுதி, இரண்டையும் உரக்கப் படித்துப் பார்க்கட்டும்.