பாதம் சாய்ந்தால் பழுதா? ஓட்டக் காலணியின் கதை

பாபநாசத்தில் தாமிரபரணிப் படித்துறையில் நீராடிவிட்டு, ஈரக்காலுடன் கருங்கல் படிகளில் ஏறியிருக்கிறீர்களா? அடுத்த முறை ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். உங்கள் ஈரத்தடத்தில் குதிகாலையும் முன்பாதத்தையும் ஒரு பட்டை இணைத்திருக்கும். அது குறுகலாக இருந்தால் உங்கள் பாத வளைவு உயரமானது. தடம் முழுவதும் நிறைந்திருந்தால் பாதம் தட்டையானது.

அங்கிருந்து மலைமேல் காரையாறு செல்லும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோயில் உள்ளது. அங்கே பட்டவராயன் சந்நிதியில் பக்தர்கள் செலுத்தும் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு! காதலுக்காகப் பூணூலைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட முத்துப்பட்டனே அங்கு தெய்வமானான் என்பது கதை. இரவில் அவன் அணிந்து நடப்பதால் அச்செருப்புகள் தேய்கின்றன என்பது மக்களின் நம்பிக்கை.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். தேய்ந்த செருப்பு, நடந்தவரைப் பற்றிச் சேதி சொல்லும் என்பதை அறிவியலும் ஏற்கிறது. ஆனால் அந்தச் சேதியைத் தவறாகப் படிப்பவர்கள் உண்டு. காவலர் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் ஓடிப் பழகும் இளைஞரிடம், "உன் பாதம் உள்ளே சாய்கிறது, தாங்கு சக்தியுள்ள கனத்த ஷூ வாங்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். அவரும் கடன் வாங்கியாவது வாங்குகிறார். இது சரிதானா? காலணியின் வரலாறு விடை சொல்லும்.

பாதம் ஏன் சாய்கிறது?

ஓடும்போது பெரும்பாலோரின் குதிகாலில் முதலில் தரையைத் தொடுவது அதன் வெளி விளிம்பே. செருப்பின் பின்பகுதி வெளிப்புறமாகத் தேய்வது இதனால்தான், அது நோயன்று. பிறகு பாதம் உட்புறமாகச் சாய்கிறது. வளைவு சற்றே தாழ்கிறது. வண்டியின் வில் போல இது அதிர்ச்சியைத் தாங்குகிறது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது அல்லவா? சாய்வே இல்லாவிட்டால் எலும்பும் மூட்டும் என்னாவது! இந்த உட்சாய்வு அளவுக்கு மிஞ்சும்போது அதை 'மிகை உட்சாய்வு' எனலாம்.

குதியில் தொடங்கிய மருத்துவம்

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891) என்ற எலும்பு மருத்துவர் இருந்தார். அவர் பெயரால் வழங்கும் 'தாமஸ் குதி'யில், காலணிக் குதியின் உட்புறம் சற்று முன்னோக்கி நீண்டிருக்கும். தாழும் வளைவுக்கு அது ஒரு முட்டுக்கொடுப்பு. ஆனால் அக்காலத் தோல் காலணி கனமானது, ஓடுவதற்கு உதவாது.

கனத்தைக் குறைக்க வழி காற்றுக் குமிழிகளில் இருந்தது. குமிழிகள் நிறைந்த பொருள் பாதத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும், தொழுநோயால் உணர்ச்சியிழந்த பாதங்களில் புண் வராமல் தடுக்க நுண்குமிழ் ரப்பர் செருப்புகளைப் பயன்படுத்தினர். விசை பரந்த இடத்தில் பரவினால் அழுத்தம் குறையும் என்ற பள்ளிப் பாடமே அதன் அடிப்படை.

நுரை வந்தது, எடை குறைந்தது

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் வென்றபின், அந்நாட்டில் ஓட்டம் பொதுமக்களின் பழக்கமாயிற்று. 1975-இல் ப்ரூக்ஸ் நிறுவனம் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் இலேசான நுரையை ஓட்டக் காலணியின் அடிப்பாகத்தில் புகுத்தியது. 1977-இல் அதே நிறுவனத்தின் 'வான்டேஜ்' காலணியில், உட்சாய்வைக் குறைக்க உட்புறம் உயர்ந்த ஓர் ஆப்பு வைக்கப்பட்டது. 1980-களில் இரட்டை நுரை பரவியது: வெளிப்புறம் மென்மை, உட்புறம் கடினம். சாய்வு குறைந்தது, ஆனால் காலணியின் கனமும் விறைப்பும் கூடின.

இங்கே ஒரு கணக்கு. காலணி ஒன்றுக்கு 100 கிராம் கூடினால், ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓடும் தேர்வில் இது சிறிய இழப்பன்று.

ஆய்வுகள் என்ன கூறுகின்றன?

சோதனைகள் கொள்கையை அசைத்தன. அமெரிக்கப் படைகளில் ஆயிரக்கணக்கானோருக்குப் பாத வளைவைப் பார்த்துக் காலணி வழங்கியும் காயங்கள் குறையவில்லை. 2014-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், 927 புது ஓட்டக்காரர்கள் ஓராண்டு சாதாரணக் காலணியில் ஓடினர். உட்சாய்வுடையோர் மற்றவரைவிட அதிகமாகக் காயமுறவில்லை. மாறாக, 2016-இல் வெளியான லக்ஸம்பர்க் ஆய்வில் 372 பேரைச் சோதித்தபோது, உட்சாய்வுள்ள பாதங்களுக்குத் தாங்குகாலணி நன்மை செய்தது. ஆகவே எல்லோருக்கும் தேவை என்பதும் தவறு. யாருக்கும் தேவையில்லை என்பதும் தவறு.

நம் நாட்டு ஆய்வொன்றையும் கேளுங்கள். 1992-இல் ராவ், ஜோசப் ஆகிய மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்தோரில் 8.6 சதவீதமும், வெறுங்காலோடு வளர்ந்தோரில் 2.8 சதவீதமும் தட்டைப்பாதம் உடையோர். மூடிய ஷூவே இதில் முன்னின்றது. வெறுங்காலை ஏளனம் செய்யவேண்டாம்!

காலணித் தொழிலும் பாடம் கற்றது. கடின நுரையைக் கைவிட்டு, குதிகாலின் இருபுறமும் இலேசான வரம்பு கட்டும் முறை பின்னர் வந்தது. வரம்பு வாய்க்கால் நீரை நெறிப்படுத்துவது போல, அது பாதத்தை வழிநடத்துகிறதே தவிர முடக்குவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை உயர்த்தி நில்லுங்கள். தட்டையான பாதத்தில் வளைவு தோன்றினால், அது நெகிழ்வுள்ள பாதம். வலி இல்லையேல் பெரும்பாலும் கவலை வேண்டாம். வலி தொடர்ந்தால் கடைக்காரரிடம் அல்ல, மருத்துவரிடம் செல்லுங்கள். தாங்குகாலணி தேவைப்பட்டால், இரண்டு மூன்றைக் கையில் தூக்கிப் பாருங்கள். அணிந்து ஓடிப் பாருங்கள். உறுத்தாமல் பொருந்துபவற்றுள் இலேசானதைத் தேர்ந்தெடுங்கள். புதிய காலணிக்குச் சிறிது சிறிதாகப் பழகுங்கள்.

படித்துறைக் கல்லில் பதிந்த தடம் ஒரு நொடியில் காய்ந்துவிடும். அதை மட்டும் நம்பி உங்கள் பாதத்துக்குக் குறை கற்பிக்காதீர்கள். உங்கள் பணத்தையும் செலவிடாதீர்கள்.