கெட்டில்நெஸ்: படிகாரம் வெட்டிய கரை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில், விட்பி துறைமுகத்துக்கு வடக்கே சாண்ட்ஸெண்டிலிருந்து கெட்டில்நெஸ் முனையைச் சுற்றி ரன்ஸ்விக் விரிகுடா வரை கரையோரமாக நடக்க முனைவோருக்கு, கடல் ஏறி வற்றும் நேரங்களின் அட்டவணைக்கு அடுத்தபடி தேவைப்படுவது படிகாரத்தின் வரலாறு. சாயம் துணியில் நிலைக்கவும் தோல் பதப்படவும் இன்றியமையாத அந்த உப்பு, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஐரோப்பாவுக்குப் பெரிதும் போப்பின் ஆட்சிக்குட்பட்ட தோல்ஃபா சுரங்கங்களிலிருந்தே கிடைத்துவந்ததால், ரோமுடன் உறவை முறித்துக்கொண்ட இங்கிலாந்து அதைத் தன் மண்ணிலேயே தேடியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிஸ்பரோ அருகே தொடங்கிய வேலை மெல்லக் கடற்கரைக்குப் பரவியது.

ஷேல் எனப்படும், ஏடு ஏடாகப் பிளக்கும் கரிய களிப்பாறையை வெட்டி, விறகின்மேல் குன்றாகக் குவித்து, மாதக்கணக்கில் கனலவிட்டு, வெந்த கல்லைத் தொட்டிகளில் ஊறவைத்து, வடித்த நீரைக் காய்ச்சியபின், பொட்டாசியத்துக்காகக் கடற்பாசிச் சாம்பலையோ அம்மோனியாவுக்காகப் புளித்த மனித மூத்திரத்தையோ சேர்த்தால்தான் படிகாரம் உறையும். லண்டனிலிருந்து மூத்திரம் பீப்பாய்களில் கப்பலேறி வந்தது. நகரத்தார் கழித்தது அவர்கள் உடுத்த துணிக்கே சாயம் பிடிக்கவைத்தது என்பதை அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்களோ!

அதே ஷேல் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்ததால், படிகாரத்துக்காக வெட்டியவர்களின் கடப்பாரையில் புதைபடிவங்களும் அகப்பட்டன. நத்தைபோல் சுருண்ட ஓடுடைய, அழிந்துபோன கடலுயிரியான அம்மோனைட், புனித ஹில்டா கல்லாக்கிய பாம்பு என விட்பியில் நம்பப்பட்டது. வணிகர்கள் அதற்குப் பாம்புத்தலையும் செதுக்கி விற்றார்கள். இந்துக்கள் சாளக்கிராமமாக வழிபடுவதும் இதே இனத்தின் படிவத்தைத்தான். 1848இல் கெட்டில்நெஸ் படிகாரக் குவாரியில், நீந்தும் ஊர்வனமான பிளீசியோசாரின் ஏறத்தாழ 7 மீட்டர் நீள எலும்புக்கூடு வெளிப்பட்டது; அது இன்று டப்ளினில் உள்ளது.

ஏடாகப் பிளக்கும் கல் எளிதில் சரியவும் செய்யும். 1829 டிசம்பரில் கெட்டில்நெஸ் ஊரே கடலை நோக்கிச் சரிய, மக்கள் கரைக்கு அப்பால் நின்ற படிகாரக் கப்பலில் தஞ்சம் புகுந்து பிழைத்தனர். மீண்டும் தொடங்கிய வேலையை, கந்தக அமிலத்தைக் கொண்டு மலிவாகப் படிகாரம் செய்யும் முறை 1871இல் முடித்துவைத்தது.

அந்தச் சரிவு இன்றும் ஓயவில்லை. ஆகவே கரையோரம் செல்வோர் கடல் வற்றத் தொடங்கும்போதே புறப்பட்டு, பாறைச் சுவரை விட்டு விலகி நடக்க வேண்டும். அலை உதிர்த்துப்போட்ட கற்களிலேயே அம்மோனைட் கிடைக்கும், சுவரில் சுத்தியல் வைக்கத் தேவையில்லை.