காந்தல்: அம்மாயி வீட்டு அடுப்பிலிருந்து வேப் வரை ஒரு கம்பியின் கதை

மேட்டூரிலிருந்து பேசுறேன்.

போன ஆடிப்பெருக்குக்கு ஊரே ஆத்துப்பக்கம் இருந்தப்போ, பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன் வந்தான். பெங்களூரில் வேலை. மீன் வறுவல் சாப்பிட்டுட்டு உக்கார்ந்திருந்தோம். சட்டைப்பையிலிருந்து ஒரு வேப் கருவியை எடுத்தான். "மாப்ள, நீ இன்ஜினியர்தானே? இதுல காயில் கருகிப்போச்சு. புதுசு எத்தனை ஓம்ல வாங்கட்டும்?"

"டேய், நான் கோடு எழுதுறவன்டா."

"ஓம் விதி படிச்சியா இல்லையா?"

படிச்சேன். அதனால் அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தக் கம்பியோட கதையைத் தேட ஆரம்பிச்சேன். அவன் கேட்டது ஒரு எண். எனக்குக் கிடைச்சது நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு வரலாறு. இன்னிக்கு எபிசோடு அதுதான்.

முதல்ல அம்மாயி வீட்டுக்குப் போவோம். அங்க ஒரு கரண்ட் அடுப்பு இருந்துச்சு. சுட்டமண் தட்டு, அதில் சுருள் சுருளாப் பள்ளம், பள்ளத்துக்குள்ள ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பி. சுவிட்சைப் போட்டா செக்கச்செவேல்னு ஆகும். அந்தக் கம்பியும் என் நண்பன் கருவிக்குள்ள இருக்கிற கம்பியும் ஒரே குடும்பம். ஒண்ணு சோறு பொங்குச்சு, இன்னொண்ணு மூச்சுக்குள்ள போகுது. அவ்வளவுதான் வித்தியாசமான்னு கேட்டா, இல்லை. அதைத்தான் சொல்லப் போறேன்.

காற்றில் எரியாத கம்பி

ஒரு கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் சூடாகும். எவ்வளவு சூடாகும் என்பதை 1840-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் கணக்காகவே எழுதிவிட்டார். மின்னோட்டத்தின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால் வெப்பம். கணக்கு அப்பவே முடிஞ்சது. ஆனா வீட்டில் கரண்ட் அடுப்பு வர இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏன்?

கம்பி தாங்கலை. இரும்புக் கம்பியைச் செக்கச்செவேல்னு காய்ச்சினா, காற்றில் இருக்கிற ஆக்சிஜன் அதைத் தின்னுடும். செதில் செதிலா உதிர்ந்து அறுந்துபோகும். பிளாட்டினம் தாங்கும், ஆனா அதில் அடுப்பு செய்ய யாரால முடியும்? குண்டு பல்புக்குள்ள இருக்கிற கம்பி பிழைச்சதுக்குக் காரணம், அதைக் காற்றே படாம கண்ணாடிக்குள்ள அடைச்சு வெச்சாங்க. அடுப்பை அப்படி அடைக்க முடியாது.

விடை 1906-ல் வந்தது. அமெரிக்க உலோகவியலாளர் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கல் 80 பங்கு, குரோமியம் 20 பங்கு சேர்த்த கலவைக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் நிக்ரோம். சூடாகும்போது அதன் மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய தோலாகப் படியும். அந்தத் தோல் உள்ளே இருக்கிற உலோகத்துக்குக் காவல். இரும்பின் துரு உதிரும், இது உதிராம ஒட்டிக்கிட்டு நிக்கும். அடுத்த சில வருஷத்திலேயே டோஸ்டர், இஸ்திரிப்பெட்டி, அடுப்பு எல்லாம் கடைக்கு வந்துடுச்சு.

இரண்டாவது விடை சுவீடனிலிருந்து. ஹான்ஸ் ஃபொன் கான்ட்சோ என்ற பொறியாளர் இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் கலந்தார். தன் பெயரில் பாதி, ஹால்ஸ்டாஹம்மர் என்ற தன் ஊர்ப்பெயரில் பாதி எடுத்து 1931-ல் கம்பெனிக்குப் பெயர் வெச்சார்: காந்தல். ஆமாங்க, காந்தல். சட்டியில் சோறு அடிப்பிடிச்சா நாம சொல்ற அதே சொல். தற்செயல்தான், ஆனா இவ்வளவு பொருத்தமான தற்செயலை நான் பார்த்ததில்லை.

இந்தக் கம்பி மேல் படியற தோல் அலுமினியம் ஆக்சைடு. மேட்டூர்க்காரங்களுக்கு இது பழக்கமான பொருள். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டின பாக்சைட்டிலிருந்து நம்ம ஊர் மால்கோ ஆலை எடுத்த வெள்ளைப்பொடி இருக்கே, அதேதான்.

அணை, ஆலை, 1965

மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. 1937-ல் அணையடி மின்நிலையம் ஓட ஆரம்பிச்சது. 1960-களின் நடுவில் சுரங்க மின்நிலையமும் சேர்ந்தது. மால்கோவில் உற்பத்தி தொடங்கியது 1965-ல். அலுமினியம் உருக்க மலைபோல மின்சாரம் வேணும், அதனால்தான் ஆலை மின்சாரம் இருக்கிற இடம் தேடி வந்தது.

அதே 1965 ஆகஸ்ட்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது: புகையிலை இல்லாத, புகை இல்லாத சிகரெட். பேட்டரியால் சூடாகும் ஈரக் காற்றை உறிஞ்சுவது. யாரும் வாங்கலை. யோசனை அப்படியே தூங்கிடுச்சு. 2003-ல் சீனாவின் மருந்தாளுநர் ஹான் லிக் அதை நிகோட்டினோடு மறுபடி கொண்டுவந்தார். அவருடைய முதல் வடிவம் திரவத்தை அதிர்வால் ஆவியாக்கியது. பிறகு சந்தையில் ஜெயிச்சது சூடான காயில்தான். மார்ஷ் 1906-ல் அடுப்புக்குக் கொடுத்த கம்பி, விரல் நீளக் கருவிக்குள்ள போயிடுச்சு.

நண்பனின் எண்

இப்போ அவன் கேட்ட கேள்விக்கு வருவோம். அம்மாயி அடுப்பிலேயே பாடம் இருக்கு. 230 வோல்ட்டில் 1000 வாட் அடுப்புன்னா கம்பி சுமார் 53 ஓம். கம்பி அறுந்தா என்ன செய்வோம்? இழுத்து, ரெண்டு முனையையும் முறுக்கி மாட்டுவோம். கருகின கால் பங்கை வெட்டிட்டோம்னு வைங்க, மிச்சம் 40 ஓம் அளவு. இப்போ அதே அடுப்பு 1300 வாட்டுக்கு மேல இழுக்கும். சீக்கிரம் கொதிக்கும், சீக்கிரம் அறுந்தும் போகும். பால் பொங்கிக் கம்பியில் ஊத்தினா, அந்தக் காவல் தோல் கெட்டு அதுக்கும் முன்னாடியே போகும்.

வேப்பிலும் இதே கணக்குதான். முழுசா சார்ஜ் ஆன லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். 1.2 ஓம் காயில் மாட்டினா 3.5 ஆம்பியர், சுமார் 15 வாட். 0.2 ஓம் மாட்டினா 21 ஆம்பியர், 88 வாட்! பேட்டரி அந்த மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டதா இல்லைன்னா, அது கையிலேயே வெடிக்கலாம். ஓம் குறையக் குறைய ஆவியும் ஆபத்தும் சேர்ந்தே கூடும்.

காயில் கருகறது ஏன்? கம்பியைச் சுத்தி ஒரு பஞ்சுத்திரி இருக்கு, அது திரவத்தை உறிஞ்சி வெச்சிருக்கும். அந்தத் திரவத்தில் இருக்கிற புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கும். திரி ஈரமா இருக்கிற வரைக்கும் சூடு கட்டுக்குள்ள இருக்கும். குக்கரில் தண்ணி இருக்கிற வரைக்கும் அடிப்பிடிக்காதில்லையா, அது மாதிரி. திரி காய்ஞ்சா அந்தக் கட்டு போயிடும். அப்போ அந்தத் திரவமே உடைஞ்சு ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மாதிரி நச்சுகளாகும். வேப் பிடிக்கிறவங்க சொல்ற அந்தக் கருகல் ருசி, நம்ம பாஷையில் காந்தல் ருசி, அதுதான். இனிப்புச் சேர்த்த திரவம் கம்பியில் கரியாகப் படிஞ்சு இதை இன்னும் சீக்கிரமாக்கும்.

அம்மாயி அடுப்புக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் இங்கதான். அடுப்பில் கம்பிக்கும் சோத்துக்கும் நடுவுல ஒரு பாத்திரம் இருக்கு. வேப்பில் பாத்திரம் இல்லை. கம்பி நேரா திரவத்தில் கிடக்கு, அது விடறது நேரா நுரையீரலுக்குப் போகுது. காற்றில் தாங்கணும்னு செஞ்ச கம்பி இது. பாகு மாதிரித் திரவத்துக்குள்ள கிடந்து, அந்த ஆவியை மனுஷன் இழுக்கணும்னு யாரும் செய்யலை. 2018-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பேருடைய கருவிகளைச் சோதிச்சாங்க. பாட்டில் திரவத்தில் மிகக் குறைவா இருந்த உலோகங்கள், ஆவியில் கூடுதலா இருந்துச்சு. நிக்கல், குரோமியம், ஈயம். நிக்கலும் குரோமியமும் எங்கிருந்து வரும்னு நீங்களே யோசிச்சுக்கங்க, மார்ஷோட கலவையே அதுதானே.

சட்டமும் நியாயமும்

தமிழ்நாடு 2018-லேயே இதைத் தடை பண்ணிடுச்சு. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாத்துக்கும் தடை. முதல் தடவை பிடிபட்டா ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். அதனால் இங்க ரகசியமா விக்கற காயிலுக்குத் தரச் சோதனையே கிடையாது. எத்தனை ஓம்னு அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதை நம்பறதா வேணாமான்னு கேக்கக்கூட ஆள் இல்லை.

நண்பன் தரப்பிலும் நியாயம் இருக்கு. "நான் சிகரெட்டை விட்டேன்டா இதால" என்றான். பொய் இல்லை. வேப்பில் புகையிலை எரிவதில்லை, அதனால் தார் வராது. பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பே, பெரியவங்க சிகரெட்டை விட வேப்பை ஒரு வழியாகச் சொல்லுது. ஆனா அங்க அது கட்டுப்பாட்டோட விற்கிற பொருள். இவன் வாங்குறது யார் செஞ்சதுன்னே தெரியாத பொருள். கடையில் கிடைக்கிற சிகரெட்டுக்குத் தடை இல்லை, வேப்புக்கு மட்டும் தடையான்னு அவன் கேட்டான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

அவனுக்கு ஓம் எண் எதுவும் சொல்லலை. வேற ஒரு எண் சொன்னேன்: 1800-11-2356. புகையிலையை விட நினைக்கிறவங்களுக்கான தேசிய இலவச உதவி எண். மருந்துக்கடையில் நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கும், அதில் கம்பியும் இல்லை, காந்தலும் இல்லைன்னும் சொன்னேன்.

சிரிச்சுக்கிட்டே எண்ணை போனில் சேமிச்சான். போன வாரம் கூப்பிட்டான். கம் வாங்கிட்டானாம், கருவியையும் இன்னும் தூக்கிப் போடலையாம். "பாதி வழி வந்துட்டேன் மாப்ள" என்றான். சரி, மீதிக்கும் கூட நடப்போம்.

அடுத்த எபிசோடில் கொல்லிமலைப் பாக்சைட் மேட்டூருக்கு வந்த கதை.