நல்லதண்ணி, உப்புத்தண்ணி

வேம்பாருக்கு எதிரே, மன்னார் வளைகுடாவுக்குள், சின்னச் சின்னத் தீவுகள் கிடக்கின்றன. ஒன்றின் பெயர் நல்லதண்ணித் தீவு. இன்னொன்று உப்புத்தண்ணித் தீவு. மூன்றாவது புலுவினிச்சல்லி. பெயர் வைத்தவன் தாகத்தோடு படகை ஒதுக்கியவனாகத்தான் இருக்க வேண்டும். இறங்கி, மணலைத் தோண்டி, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அதையே பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

1979 ஜூனில் அந்தக் கரையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆசிரியராகப் போனேன். சுவரில் தொங்கிய வரைபடத்தில் இந்தப் பெயர்களைப் படித்ததும் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமம் என்னுடையது. ஊரைச் சுற்றி ஏழு கிணறு. அதில் ஒன்றுதான் நல்லதண்ணிக் கிணறு. மற்ற ஆறும் சவர். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு எத்தனை ஏர் நிலம் என்று கேட்பதற்கு முன்னால், “நல்லதண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?” என்றுதான் கேட்பார்கள். கரிசல் மண் மழையைக் குடித்துப் பிசினாகும், கீழே விடாது. விட்ட கொஞ்சத்திலும் உப்பு கலந்துவிடும்.

கோவில்பட்டியில் ஏறி, எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளத்தில் பஸ் மாறிப் போனேன். ஜன்னல் வழியே கடைசிவரை கறுப்பு மண்தான். நிலத்தின் நிறம் மாறுகிறது என்று கவனித்த சற்று நேரத்துக்கெல்லாம் பனைக்கூட்டம், உப்பளம், பிறகு கடல். அதற்கு முன்னால் நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, திருச்செந்தூரில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து.

வாடகைக்குக் கிடைத்தது ஒற்றை அறை வீடு. அதன் சுவரை இன்னும் மறக்க முடியவில்லை. காரை உதிர்ந்த இடங்களில் கல்லுக்குள் பூப்பூவாக, தேன்கூட்டு அறைகள்போல் கோலம் தெரியும். முருகைக்கல் என்றார்கள். கடலுக்குள் உயிரோடிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்து, வெயிலில் காயப்போட்டுக் கட்டிய சுவர். சுண்ணாம்பும் அதைச் சுட்டுத்தான். இந்தக் கரை முழுக்க நெடுங்காலம் அப்படித்தான் வீடு எழுந்தது. 1986-ல் இந்த 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி அதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டது. தீவுக்கு அரணாக நின்ற பாறையை வெட்டினால் அலை நேரே மணலைத் தின்னும். மூன்று வருஷம் நான் சாய்ந்து உட்கார்ந்து நோட்டுத் திருத்திய சுவர், ஏதோ ஒரு தீவின் அரணில் கொஞ்சம்.

தண்ணீர் எடுப்பதற்கு எனக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டுப் பாட்டிதான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணல்மேடு. அதன் பள்ளத்தில் ஆளுக்கொரு ஊற்று. நான் மண்வெட்டியோடு போய், எங்கள் ஊர் வழக்கப்படி ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தேன். பாட்டி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“வாத்தியாரே, போதும் போதும். முழங்கால் ஆழத்துக்கு மேல போகக் கூடாது. கீழ உப்பு படுத்திருக்கு.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேலாகத் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் கோதிக் குடத்தில் ஊற்ற வேண்டும். கலங்கினால் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். ஒரு குடம் நிறைய அரைமணி நேரம்கூட ஆகும். கரிசலில் நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஆழம் போவோம்; இங்கே ஆழம் போனால் கெட்டது. அந்த ஊரில் நான் முதலில் கற்ற பாடம் அதுதான். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததைவிட அது பயனுள்ளது என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் கரையின் பழைய ஊர்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று அதன் பிறகுதான் உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். பரதவர்களின் ஏழு துறைகள் என்று வழிவழியாகச் சொல்லும் வரிசை வடக்கே வேம்பாரில் ஆரம்பிக்கிறது: வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சாத்தூரைத் தாண்டி, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு வரும் வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தில் வைப்பார். தாமிரபரணி கலக்கும் இடத்தில் புன்னைக்காயல். முத்துக்காகவும் மீனுக்காகவும் ஊர் அமைந்தது என்பார்கள். ஆற்று மணலில் ஊறும் குடிதண்ணீர் இல்லாமல் எந்த முத்தும் ஓர் ஊரைக் கட்டியிருக்காது என்பது என் எண்ணம்.

1530களின் நடுவில் இந்தப் பரதவர்கள் போர்ச்சுகீசியரோடு சேர்ந்து கிறிஸ்தவத்தைத் தழுவினார்கள். முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய சண்டையில் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு தேவைப்பட்டது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். ஊர் ஊராக நடந்து, தமிழில் எழுதி வாங்கிய மந்திரங்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிகஸ் ஐம்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே வாழ்ந்து, தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூல். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. எழுதப்பட்டது இந்த ஊர்களுக்காக. குடிசைகளும் வலைகளுமாகக் கிடந்த கரைக்கு அச்செழுத்து வந்தபோது, உள்நாட்டில் நாங்கள் இன்னும் ஓலையில் கீறிக்கொண்டிருந்தோம். இதை என் வகுப்பில் சொன்னபோது வேம்பார்ப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்த விதம் கண்ணிலேயே நிற்கிறது.

முத்தைப் பற்றி ஊரில் அதிகம் பேச்சில்லை. தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1955-லிருந்து 1961 வரை நடந்ததோடு முடிந்துவிட்டது. சங்கு குளிக்கிறவர்கள்தான் இருந்தார்கள். சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். குளிக்கிறவர் காதில் சீழ் வடியாத வீடு கிடையாது.

எங்களுக்கும் அவர்களுக்கும் இருந்த உறவு கருவாட்டில் இருந்தது. என் அப்பத்தா சொல்லும். தை அறுவடை முடிந்ததும் கடற்கரைக் கருவாட்டு வண்டி வந்து சாவடிப் புளியமரத்தடியில் அவிழ்ப்பார்கள். இரண்டு நாள் தங்கல். சாளை, நெத்திலி, வாளை எல்லாம் கடகப்பெட்டியில். காசு கிடையாது. படியால் கம்பு அளந்து போட்டால் கருவாடு. சோளத்துக்கு ஒரு கணக்கு, வத்தலுக்கு ஒரு கணக்கு. வண்டி திரும்பும்போது நிறைய தானியம். கடற்கரையில் தானியம் விளையாது. கரிசலில் கம்மங்கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வேறொன்றும் இருக்காது. உப்பும் அப்படித்தான் ஒரு காலத்தில் வந்துகொண்டிருந்தது. 1805-ல் சென்னை ராஜதானியில் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. ஊருக்குக் கிழக்கே காற்றில் விளைகிற பண்டத்தைக் கம்பெனிக்குத் தெரியாமல் தானியத்துக்கு மாற்றுவது அன்றிலிருந்து குற்றம். உப்பு வரி நீங்க 1947 ஆனது. கருவாடு மட்டும் எந்தச் சர்க்காரின் கணக்கிலும் ஏறாமல் வண்டியில் வந்துகொண்டிருந்தது.

1876-ல் மதுரை–தூத்துக்குடி ரயில் கோவில்பட்டி வழியாக ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு கரிசலின் பருத்தி ஸ்டேஷனைப் பார்த்துத் திரும்பியது. தூத்துக்குடி பெரிய துறைமுகமாக, 1888-ல் அங்கே கோரல் மில் வந்தது. கோவில்பட்டி மில் ஊரானது. வேம்பாருக்கும் வைப்பாருக்கும் ரயில் போகவில்லை. தோணி ஏறிய துறைகள் மீன்பிடி ஊர்களாகச் சுருங்கின. கோவில்பட்டிக்காரனாக எனக்கு இதில் ஒரு குற்ற உணர்வு உண்டு. எங்கள் ஊர் வளர்ந்த அதே தண்டவாளம்தான் அவர்களைக் கடைக்கோடியாக்கியது.

அந்த மூன்று வருஷத்தில் எனக்கு மிகப் பிடித்த காலம் பங்குனியிலிருந்து ஆடி வரை. பனைத்தொழிலாளிகள் குடும்பத்தோடு பனங்காட்டுக்குள் விடிலி போட்டுத் தங்குவார்கள். விடியும் முன்னே பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கிவிடுவார்கள். பெண்கள் அடுப்பில் பெரிய தாழியை ஏற்றிக் காய்ச்சுவார்கள். பதநீர் பொங்கி, நிறம் மாறி, கூப்பனியாகி, குமிழி கனத்து “பொளக், பொளக்” என்று சத்தம் கேட்கும். பதம் பார்க்கிற பெண் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவாள். உருண்டால் இறக்க வேண்டும். அரை நிமிஷம் பிந்தினால் கருகல். மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்றிக்கொண்டே போவாள். ஆறியதும் தட்டினால் அரைவட்டக் கருப்பட்டி. வேம்பார்க் கருப்பட்டி என்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் தனி மரியாதை. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும், வெல்லம் வந்து சேர்வதற்கு முன்னால், பாகு கருப்பட்டிதான்.

சிரட்டையை அங்கே யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். காலையில் தண்ணீர் கோதியது, பகலில் கருப்பட்டி வார்க்கும்.

போன தை மாதம் போயிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. முருகைக்கல் வீடு இல்லை. வீட்டுக்கு வீடு இருபது லிட்டர் தண்ணீர் கேன். வைப்பாற்றில் மணல் அள்ளி அள்ளி ஊற்றுகள் எங்கெங்கோ உப்பாகிவிட்டன என்றார்கள். மணல்மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாட்டியின் ஊற்று இருந்த இடத்தில் சீமைக்கருவேலம். கொஞ்சம் தள்ளி, வெயிலுக்கு ஓலைத்தட்டி சாய்த்து, ஒரே ஓர் ஊற்று புதிதாகத் தோண்டியிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். முழங்கால் ஆழம்தான்.

திரும்பும்போது விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் கருவாட்டுக் கடகத்தோடு ஒரு கடற்கரைப் பெண். வத்தல் பையோடு ஒரு கரிசல்காட்டு அம்மா வந்து உட்கார்ந்து, பையின் வாயைத் திறந்து காட்டினார்.

“மைனி, ஈரம் இல்லையே?”

“களத்துல எட்டு நாள் காஞ்சது. உடைச்சுப் பாரு.”

ஒரு வத்தலை உடைத்து விதையை உதறிப் பார்த்தார் கடற்கரைப் பெண். தராசு இல்லை. இரண்டு கை நிறைய வத்தல் இந்தப் பக்கம் வந்தது. சாளைக் கருவாடு ஒரு கூறு அந்தப் பக்கம் போனது. வத்தல்கார அம்மா பையைக் கட்டாமல் உட்கார்ந்தே இருந்தார். கடற்கரைப் பெண் சிரித்துக்கொண்டே கடகத்துக்குள் கைவிட்டு, இன்னும் நாலு நெத்திலி எடுத்துப் போட்டார்.