கொள்ளைநோயும் ஏற்றத்தாழ்வும்: வரலாறு தரும் படிப்பினை

 

கொள்ளைநோய்க் காலங்களின் சமூக ஏற்றத்தாழ்வுகளை ஆராயும் மாணவர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "நோய்க்கு ஏழை, பணக்காரர் பேதமில்லை என்று பயானில் கூறுகிறீர்களே, வரலாறு அதை ஒப்புகிறதா?" அவர் காட்டிய கணக்கு நம்மைச் சிந்திக்க வைத்தது.

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் தலைகாட்டிய விஷக்காய்ச்சல், செப்டம்பரில் கொடிய வடிவெடுத்துத் திரும்பியது. இந்தியாவில் 1 கோடிக்கும் அதிகமானோர் மாண்டனர். பம்பாய் நகரில் ஐரோப்பியரில் ஆயிரத்துக்குச் சுமார் 8 பேரும், முஸ்லிம்களில் 19 பேரும் இறந்தனர். தாழ்த்தப்பட்ட மக்களிலோ ஆயிரத்துக்கு 61 பேருக்கும் மேல்! கிருமி ஒன்றே, வாழ்ந்த நிலைதான் வேறு. காற்றோட்டமற்ற ஓர் அறையில் ஒரு குடும்பமே நெருங்கிக் கிடந்தது. அவ்வாண்டு பருவமழை பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்தது. காய்ச்சலோடு படுத்தால் அன்றைய கூலி இல்லை. கூலியின்றேல் கஞ்சியும் இல்லை.

இதைக் கேட்டபோது ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்தைத் தாக்கிய அம்வாஸ் கொள்ளைநோய் நம் நினைவுக்கு வந்தது. அங்குப் படைத்தலைவராயிருந்தவர், சுவனத்திற்கு நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவரான அபூ உபைதா (ரலி) அவர்கள். அவர்களைக் காப்பாற்ற விரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவசரத் தேவை இருப்பதாகக் கூறி மதீனாவுக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். அழைப்பின் உட்கருத்தை உணர்ந்த அபூ உபைதா (ரலி), தம் படைவீரர்களை விட்டுத் தாம் மட்டும் வர இயலாதென மறுமொழி அனுப்பினார்கள். அதைப் படித்த கலீஃபா கண்ணீர் வடித்தார்கள். பின்னர், மக்கள் அனைவரையும் தாழ்நிலத்திலிருந்து மேட்டு நிலத்திற்குக் கொண்டு செல்லுமாறு கட்டளையிட்டார்கள். அபூ உபைதா (ரலி) அந்நோயிலேயே ஷஹீதானார்கள். அவர்களுக்குப்பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் வஃபாத்தானார்கள். அடுத்து வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளுக்கு அழைத்துச் செல்ல, நோய் தணிந்தது.

தப்பிக்கும் வழி தலைவருக்கு மட்டும் திறந்திருந்தது. அவரோ அதில் நுழையவில்லை. அதே வழி எல்லோருக்கும் திறக்கப்பட்டபோதுதான் ஊர் பிழைத்தது.

2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, கூலியிழந்து நெடுஞ்சாலைகளில் கால்நடையாக ஊர் திரும்பியோரை நாம் கண்டோம். ஆதலால் பயானில் நாம் கூறிவந்த சொல்லைத் திருத்திக்கொள்கிறோம்: நோய் பேதம் பார்க்காமல் வரலாம், மனிதர் வளர்த்த பேதமே மரணத்தைப் பங்கிடுகிறது. இனியொரு சோதனை வருமாயின், நம் மஹல்லாவில் கூலி நின்ற வீட்டின் கதவை முதலில் தட்டுவோம். பைத்துல்மால் நிதியை அதற்கென இன்றே பெருக்குவோம்.

வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.