வீட்டு பிராட்பேண்ட்: கட்டணத்துக்கு உரிய வேகம் பெறுவது எப்படி?

பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே ஆகிய தொழிற்பகுதிகள் அமைந்துள்ளன. இங்கு வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கும், இணையவழியில் பயிலும் மாணவர்களுக்கும் சீரான பிராட்பேண்ட் இணைப்பு இன்றியமையாதது.

வேகம் குறைவதாகத் தோன்றினால், முதலில் கணினியை ரவுட்டருடன் கேபிள் மூலம் இணைத்து அளக்க வேண்டும். கேபிளில் வேகம் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், தீர்வு வீட்டுக்குள்ளேயே உள்ளது. 8 பிட்கள் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் மட்டுமே பதிவிறக்கமாகும். இது குறைபாடு அல்ல.

ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், உயரமான இடத்தில் வைப்பது நல்லது. இரும்பு அலமாரி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. எனினும் சுவர்களைக் கடக்கையில் வலுவிழக்கும். தொலைவில் உள்ள அறைகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நெரிசலைத் தவிர்க்க, இதில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஃபைபர் கேபிளை மடக்கக் கூடாது.

கேபிளிலும் வேகம் குறைந்தால் சேவை நிறுவனத்தில் புகாரளித்து, பதிவு எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிடில், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். பிராட்பேண்ட் இணைப்புக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ் அளவிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக மத்திய அரசு 2023 ஜனவரியில் உயர்த்தியது.